ஸ்பூன் இல்லாத சூப்

மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தை, ஒரே ஓர் எழுத்தைச் சொல்லி, நூற்று நாற்பது பேர் வாய்க்குக் கொண்டுபோன கையை அந்தரத்தில் நிறுத்தினாள். பதினொரு வருடமாகக் கல்லா நாற்காலியை விட்டு எழுந்திராத ஒரு முதலாளியை எழுப்பி, நடக்கவைத்து, அவர் கையாலேயே சூப் கொண்டுவரவும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் நெரியும் ஒரு மணி வாக்கில். நம்பவேண்டாம். யாருமே நம்பவில்லை. குழந்தையின் தாய்மாமன்கூட லேசில் நம்பவில்லை; இத்தனைக்கும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

குழந்தையின் அப்பா அந்த உணவகத்தில் சர்வர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் இருந்திருக்கும். ஆனால் ஊர் முழுக்க அவன் ‘ரெடி’தான். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் “ரெடி சார்” என்று பொருளைக் கொண்டுவந்து வைத்துவிடுவதால் ஒட்டிக்கொண்ட பெயர். தாகம் தொண்டைக்கு வருமுன் தண்ணீர் மேசைக்கு வந்துவிடும். ஒருவர் தும்முவதற்கு முன்பே இவன் கைத்துடைக்கும் காகிதத்தை நீட்டியதில், தும்மல் வெட்கப்பட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டதாகச் சமையலறையில் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள். பதினான்கு வருடத்தில் எந்த மேசையிலிருந்தும் அவனை யாரும் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை. முதல் முறையே கூப்பிட்டதில்லை என்பதுதான் அவன் பெருமை.

அவன் மனைவி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். டாக்டர் கையை நீட்டினால் கத்தரிக்கோல் அதற்குமுன் அங்கே போய்க் காத்திருக்கும். முகமூடிக்கு மேலே தெரியும் இரண்டு கண்களை வைத்தே அடுத்து ஊசியா நூலா பஞ்சா என்று கண்டுபிடித்துவிடுவாள். இவர்கள் இரண்டு பேரும் காதலித்த கதையை யாராலும் சொல்லமுடியாது, ஏனென்றால் அதில் பேச்சே கிடையாது. கேட்பதற்கு முன்பே இரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் அது எதற்காக வாயைத் திறக்கவேண்டும்? உதடு பிதுங்கும்போதே பால் வந்தது. இடது புருவம் அசைந்தால் பிஸ்கட், வலது புருவம் அசைந்தால் வாழைப்பழம். கண் ஜன்னல் பக்கம் போனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு கதவைத் திறப்பார்கள். தொழிலில் கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் வீட்டிலும் ஷிப்ட் போட்டு வேலை பார்த்தார்கள்.

குழந்தைக்கு ‘மேலிடம்’ என்று பட்டப்பெயர் வைத்தது தாய்மாமன். “உங்க வீட்டு மேலிடம் வாயே திறக்காது. சாடை காட்டும். கீழ உள்ளவங்க ஓடுவீங்க” என்பார். அவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர். எரிந்துபோன கடைக்குள் முழங்கால் அளவு சாம்பலில் நின்றுகொண்டு, “எரிஞ்சதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கிற ரகம். தன் பிறந்தநாளுக்கு யாராவது வாழ்த்துச் சொன்னால், சான்றிதழை எடுத்துத் தேதியைச் சரிபார்த்த பிறகுதான் நன்றி சொல்வார். ஆனால் வாரம் தவறாமல் மேலிடத்துக்கு ஒரு பொம்மையோடு வந்துவிடுவார். வந்ததும் அவர் தோள்தான் அவளுக்குச் சிம்மாசனம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் நான்காம் நம்பர் மேசைக்கு ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய பையன் மேலிடத்தைவிட ஒரு சாண் குட்டை. ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, “அப்பா, அங்க பாரு, காக்கா” என்றான். அவ்வளவுதான். நிலநடுக்கத்திலும் ஒரு சொட்டு சிந்தாத ரெடியின் தட்டில் ஐந்து டம்ளர்களும் ஒன்றோடொன்று முட்டி மணியடித்தன.

மேலிடத்துக்கு அன்றைக்கு இரண்டு வயது ஒன்பது மாதம். அதுவரை ஒரு சொல்கூட வரவில்லை. லேட்டாகப் பேசும் குழந்தைகள் உண்டு என்று அவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ‘அப்பா’ அவன் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. இன்னொருவன் பிள்ளை, இன்னொருவனைக் கூப்பிட்டது. தன்னை அப்படி ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

முதலில் காது பரிசோதனை. காதில் ஒரு குறையும் இல்லை. அடுத்த தெருவில் பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் இவளுக்குக் கேட்கும். சொன்னது எல்லாம் புரிகிறது, செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருகிறாள். ஆகவே பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா நாற்காலியில் உட்காராமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் இந்தக் குடும்பத்தை வேடிக்கை பார்த்தார். கையில் ஒரு தாள். அதில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார்.

“இருபது நிமிஷத்துல உங்க பொண்ணுக்கு முப்பத்தோரு தடவை ஏதோ தேவைப்பட்டுச்சு,” என்றார். “முப்பத்தோரு தடவையும் அவ கேக்கறதுக்கு முன்னாடி நீங்க குடுத்துட்டீங்க. உங்க வீட்ல இவ கஸ்டமர், சார். சர்வீஸ் பிரமாதம்.”

ரெடியின் முகம் மலர்ந்தது. பதினான்கு வருடத்தில் அதைவிட நல்ல பாராட்டு அவனுக்குக் கிடைத்ததில்லை.

“அப்புறம் அவ எதுக்குப் பேசணும்?” என்று அந்த அம்மா முடித்தபோதுதான் மலர்ந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியாமல் போனது.

இது உங்கள் தப்பு என்று சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும், காரணம் யாருக்கும் தெரியாது என்று அந்த அம்மா ஆறுதலாகவே சொன்னார். ஆனால் பேச்சு வந்து உட்கார ஓர் இடம் வேண்டாமா? அந்த இடத்தை விடுங்கள் என்றார். தரையில் அவள் முகத்துக்கு நேராக உட்காருங்கள். அவள் எதைப் பார்க்கிறாளோ அதை இரண்டே வார்த்தையில் சொல்லுங்கள். ‘சொல்லு, சொல்லு’ என்று பிடுங்காதீர்கள். இரண்டு பொருளைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். சில நேரம் வேண்டுமென்றே ஒன்றை மறந்துவிடுங்கள். சூப்பை வைத்துவிட்டு ஸ்பூனை வைக்காதீர்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள். விரலை நீட்டினாலும் அது பதில்தான், சத்தம் வந்தாலும் பதில்தான். உடனே பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து வாருங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் வேறு சில பரிசோதனைகள் செய்து பார்க்கவேண்டியிருக்கும்.

‘வேறு சில பரிசோதனைகள்’ என்ற இடத்தில் ரெடியின் மனைவி அவன் கையைப் பிடித்தாள். அவன் கை ஏற்கெனவே அங்கே வந்திருந்தது.

பத்து எண்ணுவது லேசான காரியமா? ரெடிக்கு ஒன்றிலிருந்து பத்துவரை போய்ச்சேர அரை வினாடி போதும். மூன்று என்பதற்குள் கை தானாகக் கிளம்பிவிடும். வலது கையை இடது கையால் பிடித்துவைத்தான். இடது கை கிளம்பியது. இரண்டையும் தொடைக்கு அடியில் போட்டு மேலே உட்கார்ந்தான். மனைவியின் பாடு இன்னும் மோசம். கத்தரிக்கோலைத் தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் அவள். பால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு எண்ணும்போது அவளுக்கு ஆறிலேயே வியர்த்துவிடும்.

இரண்டு பொருளைக் காட்டச் சொன்னார்கள் அல்லவா? முதல் நாள் ரெடி மகள் முன்னால் மண்டியிட்டு, “பால், தண்ணி, ஆரஞ்சு ஜூஸ், ஆப்பிள் ஜூஸ், தக்காளி சூப், கோழி சூப், சூடா வேணும்னா சூடா, ஆறவெச்சு வேணும்னா ஆறவெச்சு” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். மேலிடம் கொட்டாவி விட்டது.

ஆனாலும் விடாமல் பழகினான். பழகியதில்தான் வினை. எந்தப் பழக்கத்தையும் வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகிற ஆளில்லை அவன். மூன்றாவது வாரம், ஏழாம் நம்பர் மேசையில் ஒரு பெரியவர் உப்பு ஜாடியை லேசாகத் திரும்பிப் பார்த்தார். பழைய ரெடியாக இருந்தால் உப்பு அவர் தட்டில் விழுந்து கரைந்தே போயிருக்கும். இவனோ அவர் நாற்காலி அருகே மண்டியிட்டான், ஒரு கையில் உப்பு, ஒரு கையில் மிளகுத்தூள், முகத்துக்கு நேராகத் தூக்கிப்பிடித்து, “உப்பா, மிளகா?” என்று கேட்டுவிட்டு, புன்னகையோடு பத்து எண்ணினான். பெரியவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி கதவைப் பார்த்தார். கடைசியில் பெரியவர் ஒரு விரலால் உப்பைச் சுட்டிக்காட்ட, ரெடி முகமெல்லாம் பல்லாக, “ஆமா, உப்பு. உப்பு வேணும்” என்று கொடுத்தான்.

முதலாளி கூப்பிட்டார். அந்த முதலாளியும் கல்லா நாற்காலியும் சேர்ந்தே வளர்ந்தவர்கள்; எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று பிரிக்கமுடியாது.

“ஏம்ப்பா ரெடி, அவரு உன்கிட்ட உப்பு கேட்டாரா, இல்ல பள்ளிக்கூடத்துல சேத்துவிடச் சொன்னாரா?” என்றார். ரெடி விவரத்தைச் சொன்னான். முதலாளி முழுவதையும் கேட்டார். வீட்டில் எண்ணு, எத்தனை வேண்டுமானாலும் எண்ணு. இங்கே இன்னொரு தரம் ஒரு மேசை காத்திருந்தால் உன்னைப் பாத்திரம் கழுவும் பக்கம் அனுப்பிவிடுவேன் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ நகர்ந்தது. நான்காவது வாரம் மேலிடம் அவன் விரலைப் பிடித்து அலமாரிவரை இழுத்துக்கொண்டு போனாள். ஐந்தாவது வாரம் தானே விரலை நீட்டினாள். ஆறாவது வாரம், குளிக்கும்போது, கையில் கொடுக்காமல் வைத்திருந்த பிளாஸ்டிக் வாத்தைப் பார்த்து ‘த’ என்பதுபோல் ஒரு சத்தம். ரெடி தலை தெறிக்க ஓடிப்போய், மகள் பேசிவிட்டாள், வாத்தைப் பற்றி விரிவாகப் பேசினாள் என்று அறிவித்தான். மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள். குழந்தை வாத்தின் தலையைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

அன்று வந்த மாமனிடமும் முறையிட்டான்.

“சாட்சி?” என்றார் மாமன்.

“நான்தான் மச்சான்.”

“இழப்பீடு கேக்கறவரே சாட்சி சொல்ல முடியாது மாப்ள. வேற யாரு இருந்தா?”

“குழாய் திறந்திருந்துச்சு.”

“அப்ப அது குழாய்ச் சத்தம்.”

இப்படி மூன்று முறை ஆனது. மூன்று முறையும் மனைவி ஓடிவந்தாள். மூன்று முறையும் மேலிடம் மௌனம். மூன்றாம் முறை அவள் கோபப்படவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். “இனிமே நீங்க சொல்லி நான் நம்பறதா இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் ஓடி வந்துட்டுத் திரும்பிப் போறது இருக்கே, அது எனக்கு முடியல. அண்ணன் வாயால சொல்லட்டும், அப்ப நம்பறேன்.”

மாமன் அவனைத் தனியாக வாசலுக்கு அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்தி, உனக்கு ஒரு சத்தம் கேட்டால் நீ அதைச் சொற்பொழிவு என்கிறாய், என் தங்கச்சிக்கு ஆசை காட்டிவிட்டு அது இல்லை என்று ஆகிவிட்டால் அவள் தாங்கமாட்டாள் என்றார். சும்மா எதிரே உட்கார்ந்து எண்ணினால் குழந்தை பேசிவிடும் என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. “காத்திருந்தா எல்லாம் கிடைக்கும்னா, என் ஆபீஸ் வாசல்ல நிக்கறவங்களுக்கு இந்நேரம் கிடைச்சிருக்கணும் மாப்ள.”

பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் மறுபடி போய்க் காட்டவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை. மனைவிக்குத் திடீரென்று ஆபரேஷன் டியூட்டி. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மாமன் நேராக உணவகத்துக்கே வந்துவிட்டார். உள்ளே கூட்டம் என்றால் கூட்டம். உட்கார்ந்தவர் எழுந்தால் நாற்காலியில் அவர் நிழல் விழுவதற்குள் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார். எப்படியோ ஒன்பதாம் நம்பர் மேசையில் இடம் கிடைத்தது.

ரெடி இரண்டு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்தான். மாமனுக்கு ஸ்பூன் வைத்தான். மகளுக்கு வைக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை; பதினான்கு வருடத்துக் கை எட்டே வாரத்தில் வேறு வேலை கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டடி நகர்ந்தவன் திரும்பிப் பார்த்தான். மேலிடம் கிண்ணத்தைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். அவன் ஏப்ரன் பையில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்பூன்களைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நம்பருக்குப் போகவேண்டிய பதினேழு தட்டுகளும் இடது கையில் அடுக்கியபடி இருக்க, ரெடி நடுவழியில் மண்டியிட்டான். எண்ணத் தொடங்கினான்.

நான்கில் பன்னிரண்டாம் நம்பர் திரும்பிப் பார்த்தது. ஆறில் சமையலறை மணி அடித்தது. ஏழில், ஏழாம் நம்பரில் அதே உப்புப் பெரியவர் செருமினார். ஒன்பதில் அவன் பின்னால் மற்ற சர்வர்கள் வண்டிகள் மாதிரி வரிசைகட்டி நின்றார்கள். பத்து. ஒன்றும் வரவில்லை. கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் அந்த உதடுகள் ஒட்டிப் பிரிந்ததை அவன் பார்த்தான்.

“குடுத்துடு மாப்ள,” என்றார் மாமன். “முதலாளி பாக்கறாரு. வேலை போயிடும்.”

ரெடி மாட்டேன் என்று தலையை ஆட்டினான். திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பதினொரு வருடத்து நாற்காலி, பாரம் இறங்கியதும் விட்ட பெருமூச்சு. முதலாளி எழுந்துவிட்டார். அவருக்கு இரண்டு கால்கள் உண்டு என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியும். சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். முதலாளி மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். அவர் வரவர ஒவ்வொரு மேசையாகப் பேச்சு நின்றது. ஒன்பதாம் நம்பருக்கு வந்து, ரெடியின் தலைக்கு மேலே நின்றார். பாத்திரம் கழுவும் பக்கம் எங்கே என்று கைகாட்ட அவர் கையைத் தூக்கினார்.

“தா,” என்றது மேலிடம்.

தெளிவாக, உரக்க, ஓர் உத்தரவு மாதிரி. நூற்று நாற்பது கைகள் நூற்று நாற்பது வாய்களுக்கு முன்னால் அப்படியே நின்றன. சூப்பிலிருந்து எழுந்த ஆவிகூட நின்றது.

ரெடி ஸ்பூனை எடுத்து நீட்டினான். “ஸ்பூன் தா. இந்தா, ஸ்பூன்” என்று சொல்லவேண்டும் என்பது ஞாபகம் இருந்தது, பாதிதான் வெளியே வந்தது. மேலிடம் ஸ்பூனை வாங்கிக் காரியத்தில் இறங்கினாள். யாரும் அசையவில்லை. கிண்ணம் காலியானதும் அதைத் தூக்கி, எதிரே தூண் மாதிரி நின்ற முதலாளியிடம் நீட்டினாள். “தா.”

முதலாளி வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். தூக்கிய கையாலேயே கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். சூப்போடு வந்தார். ஸ்பூனைத் துடைத்தும் வைத்தார். ரெடியைப் பார்த்து, “போப்பா, பன்னெண்டாம் நம்பரு பட்டினி கிடக்கு” என்றார்.

ரெடி எழுந்து நடந்தான். பன்னிரண்டாம் நம்பரை எட்டியபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்பா.”

பதினான்கு வருடத்தில் ஒரு மேசையிலிருந்து அவனை யாரோ கூப்பிட்டது அதுதான் முதல் முறை. பெருமை போனது. அவன் பதினேழு தட்டுகளோடும் அப்படியே திரும்பினான். ‘ரெடி’ என்று சொல்லத் தோன்றவே இல்லை.

பிறகு மாமனிடம் வந்து, “மச்சான், கேட்டீங்களா?” என்றான். மாமன் ஆறிப்போன சூப்பைக் குடித்துக்கொண்டே, “பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் மனைவி டியூட்டி முடிந்து வந்ததும் ரெடி ஆரம்பித்தான். நூற்று நாற்பது பேர் அதற்குள் முந்நூறு ஆகியிருந்தார்கள். மனைவி பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். பிறகு பாலை ஊற்றிக்கொண்டு, மகளுக்கு நேரே தரையில் உட்கார்ந்து, டம்ளரைப் பிடித்தபடி எண்ணினாள். பத்துவரை. மேலிடம் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு விரலை நீட்டினாள், அவ்வளவுதான். “பால். இந்தா, பால்,” என்று கொடுத்துவிட்டு அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“இவர் சொல்றது எதுவும் வேண்டாண்ணா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீயும் அங்கதானே இருந்தே.”

மாமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைத்தார். மறுபக்கம் துடைத்தார். முதல் பக்கத்தையே மறுபடி துடைத்தார். ரெடி உதவிக்கு வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, மனசுக்குள் எண்ணத் தொடங்கினான். எட்டுவரை போயிருப்பான்.

“இருபத்திரண்டு வருஷமா யார் சொன்னதையும் நான் முழுசா ஒத்துக்கிட்டதில்லம்மா,” என்றார் மாமன். “முந்நூறு பேர் இல்ல, நூத்தி நாப்பது. தட்டு பதினேழு இல்ல, நாலு. ஆனா அந்த முதலாளி எழுந்தாரு. சூப் கொண்டுவந்தாரு. உன் பொண்ணு ‘தா’ன்னு கேட்டா, ‘அப்பா’ன்னு கூப்பிட்டா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். நடந்துச்சும்மா.”